நாலாம் படி

கிள்ளான், மலேசியா
20.1.2024

அன்புத் தங்கை சசிகலாவுக்கு,

அக்கா ஏலவார்குழலி எழுதுவது. இங்கே நானும் கவியாவும் நலம். அங்கே நீ, ரகுபதி தம்பி, சத்யப்பிரியா எல்லோரும் நலமா? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று திகைக்காதே. உன் வீட்டில் போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். போன முறை பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் குறுக்கே புகுந்து என் முடி கொட்டுவதற்கு வைத்தியம் சொன்னாள். வீடியோவில் வரலாமென்றால் இங்கே நெட் சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கவியாவுக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஓர் ஆய்வு செய்கிறாள். ஒரே சாமி, ஒரே பொங்கல், ஒரே சாம்பார், ஆனால் வேறு வேறு நாடு. அப்படி இருக்கிற தமிழர்கள் அவரவர் வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிறாளாம். பத்துப் படி உள்ள ஓர் ஏணியை மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். உச்சிப்படி என்றால் உனக்குக் கிடைக்கக்கூடியதிலேயே நல்ல வாழ்க்கை. அடிப்படி என்றால் மோசமான வாழ்க்கை. இன்றைக்கு நீ எந்தப் படியில் நிற்கிறாய்?

விளையாட்டாக எழுதிவிடாதே சசி. எனக்கு, அதாவது கவியாவுக்கு, உண்மையான பதில் வேண்டும். தைப்பூசம் வருகிறது. தெங்கு கிளானா சாலை முழுக்கப் பூமாலைக் கடை. உன் பேருக்கும் ஓர் அர்ச்சனை செய்கிறேன்.

உன் அக்கா
குழலி

பென்னலூர்
16.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சசி எழுதுவது. ஏதோ இருக்கிறோம். நீ, மாமா, கவியா எல்லோரும் சுகம்தானே? மாமாவைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. இன்னும் லாரிதான் ஓட்டுகிறாரா?

உன் ஏணிக் கேள்வியை இவரிடம் படித்துக் காட்டினேன். "ஏணின்னா யாரு வூட்டு ஏணி? நம்ம வூட்ல ஒரு மூங்கில் ஏணிதான் கீது. அதுலயும் ரெண்டு படி ஒடஞ்சிகீது" என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டார். ஆய்வுக்கு உதவாத மனிதர்.

என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்? ஒரகடம் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் நிற்கிறேன். லைனில் வருகிற ஒவ்வொரு பார்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண் பூத்துப்போகிறது, முட்டி கழன்றுவிடும் போலிருக்கிறது. சத்யாவை அவள் கம்பெனியில் லைன் லீடர் ஆக்கிவிட்டார்கள், பெண்ணை வீட்டில் பார்க்கவே முடிவதில்லை. இவருக்குப் புது ஏ.சி. பஸ் கொடுத்துவிட்டார்கள். அதில் உட்கார்ந்து உட்கார்ந்து சளி பிடித்துக்கொண்டது. மாடியில் ஓர் அறை போடுகிறோம், சிமெண்டுத் தூசியில் மூச்சு முட்டுகிறது. ரோட்டில் இறங்கினால் கன்டெய்னர் லாரி. குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்.

கவியாவிடம் நாலு என்று சொல். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். மாமாவையும்தான்.

சசி

கிள்ளான்
28.3.2024

அன்பு சசிக்கு,

நலம். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணும் முட்டியும் போகிற அளவுக்கு நிற்கிறாய், பெண்ணைப் பார்க்க முடியவில்லை, தம்பிக்கு உடம்பு சரியில்லை, தூசி வேறு. இவ்வளவு கஷ்டத்தையும் நீ போனில் ஒரு நாளும் சொன்னதில்லை. மனசுக்கு ரொம்ப வேதனையாக இருந்தது.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. எங்கள் வீட்டுக்கு ஒன்பது. ரோட்டில் ஒரு காகிதம் கிடக்காது. உடம்புக்கு என்றால் அரசாங்க கிளினிக், வரிசையில் உட்கார நாற்காலி. கவியா ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்ததால் உன் பெண்ணைவிட நன்றாகவே தமிழ் எழுதுவாள். கடையில் சீனரோ மலாய்க்காரரோ, யாராக இருந்தாலும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேறென்ன வேண்டும்?

முகவரி மாறியிருக்கிறது, உறையின் பின்பக்கம் பார்த்துக் குறித்துக்கொள். அடுக்குமாடி. காற்று நன்றாக வருகிறது.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க இருந்தேன். இப்போது அதற்கு நேரமில்லை. உன் பாரமே உனக்கு நிறைய இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

குழலி

பென்னலூர்
20.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஏதோ ஓடுகிறது. ஒன்பதாம் படியில் இருக்கிறவர்கள் கீழே குனிந்து நாலாம் படிக்காரியின் கடிதத்தைப் படித்ததற்கு நன்றி. அங்கிருந்து பார்த்தால் செம்பரம்பாக்கம் ஏரி தெரிகிறதா?

கேலி இருக்கட்டும். உன் கேள்வியைக் கேன்டீனில் போட்டேன். சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சு. எங்கள் லைனில் பாண்டிச்செல்வி என்று ஒரு பெண், தூத்துக்குடிப் பக்கம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எங்கூர்ல வச்சுக் கேட்டா மூணும்பேன். இங்க கேட்டா அஞ்சு. எங்கம்மை போன்ல கேட்டான்னா ஒம்பதுன்னு சொல்லுவேன்க்கா." எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. இதையும் கவியாவிடம் சொல், ஆய்வுக்கு ஆகும்.

அது என்ன யோசனை? பாதியில் நிறுத்தினால் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும். புது வீட்டுக்கு ஏன் போனீர்கள்? பழைய வீடு மாமாவின் அப்பா காலத்து வீடு, அதைவிட்டு நகரமாட்டேன் என்று அவர் கல்யாணத்திலேயே எங்களிடம் பெருமை அடித்தாரே. மாமா சுகமா?

பதில் எழுது.

சசி

பென்னலூர்
16.6.2024

அக்காவுக்கு,

பதில் வரவில்லை. போன் செய்தால் கவியா எடுத்து, அம்மா குளிக்கிறார் என்கிறாள். காலையில் கேட்டாலும் குளியல், சாயங்காலம் கேட்டாலும் குளியல். அந்த ஊரில் தண்ணீர் அவ்வளவு தாராளமா?

என் வேலை உனக்குத் தெரியும். பார்ட்டில் ஒரு கீறலும் இல்லாமல் பளபள என்று இருந்தால்தான் நான் இரண்டாவது முறை திருப்பிப் பார்ப்பேன். உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் மாமாவைக் கேட்டிருக்கிறேன். நீ கிளினிக் நாற்காலியைப் பற்றிக்கூட எழுதினாய், அவரைப் பற்றி எழுதவில்லை. பாண்டிச்செல்வி அவள் அம்மாவுக்குச் சொல்கிற ஒன்பது நினைவுக்கு வந்தது. அதிலிருந்து வேலையில் கை ஓடவில்லை.

என்ன நடந்தது அக்கா? நலம் என்று மட்டும் எழுதாதே.

சசி

கிள்ளான்
8.7.2024

மதிப்பிற்குரிய சித்திக்கு,

வணக்கம். தாங்களும் சித்தப்பாவும் சத்யப்பிரியா அக்காவும் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

என் ஆய்வு கிள்ளானோடு முடிந்துவிட்டது. பென்னலூரில் கேட்க வேண்டும் என்று பேராசிரியரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஏணிக் கேள்வியை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அம்மாதான் தமக்காக உங்களிடம் கேட்டிருக்கிறார்.

போன தீபாவளிக்கு முன்பே அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். ஈப்போவில் வேறு குடும்பம் இருக்கிறது. பழைய வீடு அப்பாவின் அண்ணன் கைக்குப் போனது, நாங்கள் இந்த வாடகை அறைக்கு வந்தோம். அம்மா ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறார். நீங்கள் போன் செய்யும்போது குளிக்கவில்லை சித்தி, வேலையில் இருந்தார். பொய் சொன்னதற்கு மன்னியுங்கள்.

எனக்குப் பினாங்கில் வேலை கிடைத்திருக்கிறது. கூட வாருங்கள் என்றேன். மறுத்துவிட்டார். இந்த வருடத் தொடக்கத்தில் ஊருக்கே திரும்பிவிடுவதாகத்தான் இருந்தார். இத்தனை வருடமும் இந்தியக் கடவுச்சீட்டை மாற்றாமல் வைத்திருப்பவர் அவர். அலமாரி மேலிருந்து பெட்டியைக்கூட இறக்கி வைத்தார். நாலு என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்று அதை மறுபடி ஏற்றிவிட்டார். "சித்தியே நாலாம் படியில நின்னு கஷ்டப்படுறா. நான் போயி இன்னும் ரெண்டு படி கீழ இழுக்கவா?" என்றார்.

இங்கே நான் கேள்வி கேட்ட வீடுகளில் பலர், பதில் சொல்லுமுன் பக்கத்து வீட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எட்டு என்றார்கள், ஒன்பது என்றார்கள். அதனால் உங்களையும் கேட்கிறேன். உங்கள் நாலு உண்மையான நாலா, சித்தி?

இப்படிக்குத் தங்கள் அன்பு மகள்
கவியா

பென்னலூர்
28.7.2024

அக்காவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

இந்த வரியை எழுதியதும் கை நின்றுவிட்டது. எலுமிச்சம்பழம் நறுக்கி வாசலில் வைத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கண் படுவதென்றால் பட்டுத் தொலையட்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம், அக்கா.

கவியா எழுதினாள். அவளைத் திட்டாதே. திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு. அதற்கு முன்னால் நான் உன்னைத் திட்டிவிடுகிறேன். தங்கச்சி வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்க உனக்கு ஏணி எதற்கு? நாலு என்று சொன்னேன் என்றால், நம் அம்மா நம்மை எப்படி வளர்த்தாள் என்பது உனக்கு மறந்துவிட்டதா? நீ பத்தாவதில் பள்ளிக்கே முதலாவதாக வந்தபோது ஊரெல்லாம் கேட்டதற்கு, "ஏதோ தேறிச்சு" என்றுதானே சொன்னாள்? நல்லது நடந்தால் அதைக் குறையாகத்தான் சொல்ல வேண்டும் என்று நம் வாயைப் பழக்கி வைத்திருக்கிறாள்.

அந்தக் கடிதத்தை இப்போது நான் சொல்கிறபடி படி. சத்யாவை லைன் லீடர் ஆக்கிய அன்று இவர் பஸ்ஸில் ஏறிய அத்தனை பேருக்கும் லட்டு கொடுத்தார். ஏ.சி. பஸ் வந்ததிலிருந்து தலை சீவிக்கொண்டு வேலைக்குப் போகிறார். மாடி அறை கடனில் கட்டியதில்லை, தனிக் குளியலறையோடு கட்டியது. ஜன்னலைத் திறந்தால் கம்பெனி மதில்தான் தெரியும், ஆனாலும் வெளிச்சம் வரும். அது முடிந்து வெள்ளையடித்து இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. என் முட்டி வலிப்பது நிஜம். லாரியும் உப்புத் தண்ணீரும் நிஜம். அதையெல்லாம் கழித்தால் ஏழு. எட்டு என்று எழுத இன்னும் பயமாக இருக்கிறது.

மாமாவைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. ஆனால் இத்தனை மாதம் அந்தச் சுமையை நீ தனியாகத் தூக்கியதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. கோபமும் வருகிறது. பெட்டியை இறக்கு.

சசி

கிள்ளான்
20.8.2024

அன்பு சசிக்கு,

நான் நலமாக இல்லை.

எழுதிவிட்டேன். உன் வரியைவிட இதை எழுதுவது கஷ்டம் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் இல்லை.

நாலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவின் வாய்தான் உனக்கும். ஆனால் ஒரு வீட்டில் இடம் கேட்டுப் போகிறவளுக்கு, உள்ளே யாராவது இருமினால்கூட வராதே என்று சொல்வது போலத்தான் கேட்கும். நான் அப்படித்தான் கேட்டேன்.

இந்த ஊரைத் தப்பாக நினைக்காதே. ரோடு சுத்தம் என்று எழுதியது பொய்யில்லை, கிளினிக்கும் பொய்யில்லை. உணவகத்து முதலாளி சீனத்து அம்மா, எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார். கவியாவைப் படிக்க வைத்ததும் இந்த நாடுதான். என் வீட்டுக்குள் நடந்ததற்கு ஊர் என்ன செய்யும்?

ஆனால் வந்தால் எப்படி வருவது? மலேசியாக்காரி என்று வாய் நிறையப் பேசின தெருவில், புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று இறங்கி நடக்க வேண்டும். அதையாவது தாங்கிக்கொள்வேன். உன் மாடி அறையில் உட்கார்ந்து உன் கையால் சோறு வாங்கித் தின்ன மட்டும் என்னால் முடியாது. கை கால் நன்றாக இருக்கிறது. வேலை இருந்தால் வருகிறேன். இல்லையென்றால் இங்கேயே பாத்திரம் கழுவுகிறேன். இதில் நான் மாறமாட்டேன், கெஞ்சாதே.

குழலி

பென்னலூர்
12.9.2024

அக்காவுக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம், முட்டி உட்பட.

கெஞ்சவில்லை. வேலையே பார்த்துவிட்டேன்.

நீ சொன்ன தெருவுக்கு முதலில் பதில். நம் தெரு இப்போது மூன்று ஷிப்டில் தூங்குகிறது. பகலில் பாதி வீடு கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை விடுகிறது. மாடிக்கு மாடி வாடகைக்கு வந்த பிள்ளைகள், யார் எந்த ஊர் என்று அவர்களுக்கே தெரியாது. உன்னைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் நேரமில்லை. பாப்பம்மாளுக்கு மட்டும் நேரம் உண்டு. அவளிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். "அந்த ஆளு நாசமாப் பூடுவான். குழலிய வரச் சொல்லு" என்றாள். இந்தப் பக்கம் பிரச்சினை முடிந்தது.

இனி வேலை. சத்யாவின் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்று ஏரிக்கரை ரோட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் பாதி, ஒடிசா, ஜார்கண்ட் பெண்கள் பாதி. பார்த்துக்கொள்கிற வார்டன் அம்மா மகள் பிரசவத்துக்குப் போனவர் திரும்பவில்லை. பாஷை தெரியாத பிள்ளைகளோடு யாரும் தாக்குப்பிடிப்பதில்லையாம். நீ இருபது வயதில் ஒரு வார்த்தை மலாய் தெரியாமல் போய் இறங்கி மீன் மார்க்கெட்டில் பேரம் பேசினவள் என்று சத்யா அங்கே சொல்லியிருக்கிறாள். வரச் சொல் என்றார்கள். ஒரு மாதம் பார்ப்பார்களாம். சரிப்படவில்லை என்றால் அனுப்பிவிடுவார்களாம். சிபாரிசு இல்லை, சலுகை இல்லை. உனக்குப் பிடித்த மாதிரிதான் இருக்கிறது.

ராத்திரி ஹாஸ்டலிலேயே தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாடி அறை. அந்த ஒரு நாள் சோறு நீ சமை, நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

சசி

கிள்ளான்
6.10.2024

அன்பு சசிக்கு,

நலம் என்று எழுதலாம் போலிருக்கிறது.

பெட்டியை இறக்கிவிட்டேன். கவியாவைப் பினாங்கில் கொண்டுபோய் விட்டு, அவள் அறைக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்துவிட்டு, தீபாவளி கழித்து வருகிறேன். பத்துமலைக்குப் போய் முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். கவியாவின் அப்பாவிடம் சொல்லவில்லை.

மீனம்பாக்கத்துக்கு ஏ.சி. பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொல். வாசலில் ஆரத்தியும் எடுக்காதே. அது விருந்தாளிக்குச் செய்வது.

குழலி

பென்னலூர்
19.1.2025

அன்புச் செல்லம் கவியாவுக்கு,

சித்தி எழுதுவது. நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பினாங்கில் உன் வேலை, உன் உடம்பு எல்லாம் எப்படி? உன்னைப் போல் "தாங்கள்", "இறைவன்" எல்லாம் போட்டு எனக்கு எழுத வராது, பொறுத்துக்கொள்.

உன் அம்மா ஆரத்தி வேண்டாம் என்று எழுதியிருந்தாள். பாப்பம்மாள் அந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை. தட்டோடு வந்து வாசலில் நின்றுவிட்டாள், அம்மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஹாஸ்டலில் ஒரு மாதம் பார்ப்போம் என்றவர்கள் இரண்டாம் வாரமே அவளை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒடிசாப் பெண்கள் "மவுசி" என்று கூப்பிடுகிறார்கள். சித்தி என்று அர்த்தமாம், என் பட்டத்தையும் பிடுங்கிக்கொண்டாள். கோபம் வந்தால் மலாயில் திட்டுகிறாள். யாருக்கும் ஒன்றும் புரிவதில்லை, ஆனால் பக்கெட்டுகள் வரிசையாக நிற்கின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போகாத பிள்ளைகளுக்காக ஹாஸ்டல் மொட்டைமாடியில் பானை வைத்தாள். ஜார்கண்ட் பெண் ஒருத்திதான் முதலில் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள்.

மற்றபடி ஓயாத குறைதான். கொசு. லாரிச் சத்தம். இந்த ஊர்த் தண்ணீரில் தலை குளித்து முடி தேங்காய் நாராகிவிட்டதாம். கிள்ளானில் ரோடு எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தால் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறோம். உன்னை நினைத்து ஒரு நாள் அழுதாள். மறைக்காமல் என் எதிரிலேயே உட்கார்ந்து அழுதாள், நானும் கூட உட்கார்ந்திருந்தேன்.

உன் ஆய்வு முடிந்துவிட்டது என்று தெரியும். ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் அந்த ஏணியைக் கேட்டுவிட்டேன். மாடி அறை வாசலில் உட்கார்ந்து சத்யாவுக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். உனக்குத்தான் எழுதப்போகிறேன், எந்தப் படி என்று சொல் என்றேன். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பக்கத்து மாடியில் பாப்பம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உன் அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஏதோ கீறேன்னு எழுது. நாலு போதும்."

அப்படியே எழுதிவிட்டேன். உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உன் சித்தி
சசிகலா